வீட்டுக்குள் திருடன்: சட்டம் எதுவரை உங்கள் பக்கம்?

தனியாக இருந்த மூதாட்டியிடம் நகை பறிப்பு, ஊருக்குப் போன வீட்டில் பூட்டு உடைப்பு என்று செய்தி வரும்போதெல்லாம் வாசகர் கடிதங்களில் ஒரே கேள்விதான் பல வடிவங்களில் வருகிறது: “நாங்கள் திருப்பி அடித்து, அவன் செத்துவிட்டால் எங்கள் கதி என்ன?” இந்த இதழின் சட்டப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எண்களை முதலில் சொல்லிவிடுகிறோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. தற்காப்பு உரிமை பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. புதிய சட்டத்தில் 34 முதல் 44 வரை. எண்கள்தான் மாறின, உள்ளடக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதனால் பழைய தீர்ப்புகள் இன்றும் செல்லும்.

‘இரவில் வீடு புகுந்தவனைக் கொன்றால் கேஸே கிடையாது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. உண்மையா?
– வாசகர், திண்டுக்கல்

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி இறங்கினால் ஆயுள் தண்டனையில் போய் முடியலாம்.

சொத்தைக் காப்பதற்காக ஒருவரின் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போக, பிரிவு 41 நான்கே சூழ்நிலைகளில் இடம் தருகிறது. ஒன்று, கொள்ளை, அதாவது தாக்கியோ, உடனே தாக்குவதாக மிரட்டியோ பறிப்பது. இரண்டு, சூரியன் மறைந்ததிலிருந்து மீண்டும் உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவது. மூன்று, ஆள் குடியிருக்கும் கட்டடத்துக்கோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ அல்லது வெடிபொருள் வைப்பது. நான்கு, திருட்டோ சேதமோ வீட்டுக்குள் அத்துமீறலோ நடக்கும் விதத்தைப் பார்த்தால், தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்ச வேண்டிய நிலை.

வாட்ஸ்அப் பதிவு பிடித்துக்கொண்டிருப்பது இரண்டாவதை. அதில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள்.

முதலாவது, இரவு. ஊர் அடங்கிய நேரம் என்று பொருள் இல்லை, சூரியன்தான் கணக்கு. சென்னையில் டிசம்பரில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூன் கடைசியில் 6.35-ஐத் தாண்டும். ஒரே 6.15 மணி ஒரு மாதத்தில் இரவு, இன்னொரு மாதத்தில் பகல். புகார் எழுதும்போது நேரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, உடைத்து நுழைவது. இதற்குச் சட்டம் ஆறு வழிகளைச் சொல்கிறது (பிரிவு 330). சுவரில் கன்னம் வைப்பது, ஓட்டைப் பிரித்து இறங்குவது போலத் தானே வழி உண்டாக்குவது. ஜன்னல் போல மனிதர் நுழைவதற்கென்று இல்லாத வழியில் வருவது, அல்லது சுவரேறி வருவது. வீட்டுக்காரர் நினைத்திராத முறையில் ஒரு வழியைத் திறப்பது, உதாரணமாகக் கதவின் ஓட்டை வழியே கம்பி விட்டு நாதாங்கியைத் தூக்குவது. பூட்டைத் திறப்பது, நீங்கள் தொலைத்த சாவியாலேயே திறந்தாலும் சரி. நுழையும்போதோ வெளியேறும்போதோ ஆளைத் தாக்குவது அல்லது மிரட்டுவது. சாத்தித் தாழிட்ட கதவைத் தானோ கூட்டாளியோ திறந்து வருவது. வேலைக்காரர் உள்ளிருந்து தாழ்ப்பாளை நீக்கி விட்டாலும் கடைசி வகையில் வந்துவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் இது: கோடையில் காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிறீர்கள். ஒருவன் அந்தக் கதவு வழியாகவே நடந்து வருகிறான், யாரையும் தொடவில்லை, மிரட்டவும் இல்லை. இது வீட்டுக்குள் அத்துமீறல்தான். உடைத்து நுழைதல் ஆகாது. நள்ளிரவு 2 மணியாக இருந்தாலும் இரண்டாவது சூழ்நிலையில் அடங்காது. அவன் கையில் அரிவாள் இருந்தது, பாய்ந்தான் என்பது போல நான்காவது சூழ்நிலையை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும்.

சரி, உண்மையிலேயே உடைத்துக்கொண்டுதான் வந்தான், இரவுதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 37-ஆம் பிரிவின் ஒரு வரி எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது: தற்காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் ஒரு துளி தீங்கும் செய்ய உரிமை இல்லை. இருட்டில் பீரோ அருகே நின்றவன் உங்களைப் பார்த்துத் திரும்ப, கையில் கிடைத்த இரும்புக் கம்பியால் ஒரே அடி அடிக்கிறீர்கள். அது தலையில் பட்டு இறந்துபோகிறான். இது தற்காப்பு. அதே அடியில் அவன் மயங்கி விழுந்த பிறகு, ஆத்திரம் அடங்காமல் இன்னும் நான்கு அடி போட்டால், அந்த நான்கு அடிக்கும் சட்டத்தில் இடமில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை காயங்களை எண்ணும். எந்தத் திசையிலிருந்து விழுந்தது, முன்நெற்றியா பின்மண்டையா, நின்றவன் மேல் விழுந்ததா கிடந்தவன் மேல் விழுந்ததா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

எல்லை தாண்டிவிட்டால் நேரே கொலைக்குற்றமா? எப்போதும் அல்ல. முன்கூட்டித் திட்டமிடாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்ளும்போது அளவு மீறிப்போயிருந்தால், 101-ஆம் பிரிவின் விதிவிலக்கு அதைக் கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறைக்கிறது. அதற்குப் பிரிவு 105-இன் கீழ்த் தண்டனை: கொல்லும் எண்ணம் இருந்ததாகக் கண்டால் ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டுகள், மரணம் நேரலாம் என்று தெரிந்திருந்தது மட்டுமே என்றால் 10 ஆண்டுகள் வரை. கொலைக்கான 103-ஆம் பிரிவை விடக் குறைவுதான். ஆனாலும் சிறைதான்.

அப்படியானால் அவன் கத்தியை எடுத்துக் குத்தும் வரை நான் காத்திருக்க வேண்டுமா? அந்த நேரத்தில் தராசு வைத்து அளந்து அடிக்க முடியுமா?
– வாசகி, திருப்பூர்

காத்திருக்க வேண்டியதில்லை. அளந்து அடிக்கவும் யாரும் கேட்கவில்லை.

ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்த அந்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது (பிரிவு 40). உச்ச நீதிமன்றம் 1952-இல் தீர்த்த அம்ஜத் கான் வழக்கு இதற்குத் தெளிவான உதாரணம். மத்தியப் பிரதேசம் கட்னியில் 1950-இல் கலவரம். பக்கத்தில் இருந்த சகோதரரின் கடையைச் சூறையாடிய கும்பல் அம்ஜத் கானின் கதவையும் தடியால் இடிக்கத் தொடங்கியது. உள்ளே பெண்களும் குழந்தைகளும். இவர் சுட்டார், ஒருவர் இறந்தார். கதவு உடைந்து கும்பல் உள்ளே வரும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லி நீதிமன்றம் விடுதலை செய்தது. 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்பு உரிமையின் நெறிகளைப் பத்தாகத் தொகுத்துச் சொன்னது. பதற்றத்தில் இருக்கும் மனிதர் அடிக்கு அடி சரியாக அளந்து திருப்பித் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது என்பதும் அவற்றில் ஒன்று.

உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல், அமிலம் வீசுதல், காவல்துறையின் உதவியை நாட வழியில்லாதபடி அடைத்து வைத்தல் போன்றவற்றுக்கு எதிராக உங்கள் உடலைக் காக்கும்போது (பிரிவு 38), எதிராளியின் உயிர் போனாலும் உரிமைக்குள் அடங்கும். இதற்குப் பகல், இரவு பேதம் இல்லை. உடைத்து வந்தானா, அழைத்து வந்த விருந்தாளியா என்ற பேதமும் இல்லை. உறவினரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் இதே சட்டம்தான். 2021 தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் அருகே, கத்தியைக் காட்டி வன்கொடுமைக்கு முயன்றவனை அதே கத்தியால் கொன்ற 19 வயதுப் பெண்ணைத் தற்காப்புப் பிரிவின் கீழ் காவல்துறையே விடுவித்தது. தனியாக இருக்கும் பெண்கள் இதை உறுதியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த நேரத்தில் தயங்கி நிற்க வேண்டும் என்று சட்டம் உங்களிடம் கேட்கவே இல்லை.

கொடுங்காயம் எது என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். எலும்பு முறிவு, பல் உடைவது, கண் பார்வையோ காதுக் கேள்வியோ போவது, முகம் நிரந்தரமாகச் சிதைவது, 15 நாள் கடும் வலியில் முடங்கிக் கிடப்பது ஆகியவை அதில் வரும். பழைய சட்டத்தில் இந்தக் கடைசிக் கணக்கு 20 நாளாக இருந்தது.

நகையோடு ஓடுகிற திருடனைத் துரத்திக் கல்லால் அடித்து, அவன் இறந்துவிட்டால்?
– வாசகர், விருதுநகர்

துரத்தலாம். மடக்கலாம். பிடுங்கி எடுக்கத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். திருட்டைப் பொறுத்தவரை, பொருளோடு அவன் தப்பிச் சென்றுவிடும் வரையோ, பொருள் மீளும் வரையோ, காவல்துறை உதவி கிடைக்கும் வரையோ உரிமை நீடிக்கும் (பிரிவு 43). ஆனால் அது உயிரைப் பறிக்கும் உரிமை அல்ல. உடைத்து நுழைந்த வழக்கில் அந்தப் பெரிய உரிமை அவன் வீட்டுக்குள் இருக்கும் வரை மட்டுமே. வாசலைத் தாண்டி ஓடத் தொடங்கியதும் அது சாதாரணத் திருட்டின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

முதுகு காட்டி ஓடுபவன் மேல் விழும் வெட்டுதான் நீதிமன்றத்தில் தற்காப்பு வாதத்தைப் பெரும்பாலும் உடைக்கிறது. 1962-இல் ஜெய் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: அச்சத்துக்குக் காரணமானது விலகிவிட்டால், எதிராளி விரட்டப்பட்டுவிட்டால், அதற்குப் பிறகு தற்காப்புக்கு வேலையே இல்லை. தூரத்தில் ஓடியவர்களைச் சுட்டவர்களுக்கு அந்த வழக்கில் பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

ஓடுபவன் திரும்பி நின்று கத்தியை ஓங்கினால் நிலைமை மறுபடி மாறும். அது உங்கள் உடலைக் காக்கும் உரிமை, புதிதாகத் தொடங்குகிறது.

தோட்டத்து மோட்டார், வாசலில் நிற்கும் பைக், தேங்காய்… இதையெல்லாம் திருடுபவனை?
– வாசகர், பொள்ளாச்சி

காம்பவுண்டும் தோப்பும் வீடு அல்ல. அங்கே நுழைவது அத்துமீறல், எடுப்பது திருட்டு. பகலோ இரவோ, பிடிக்கலாம், தள்ளலாம், தடுக்கலாம்; உயிரைப் பறிக்க உரிமை இல்லை (பிரிவு 42). அவன் ஆயுதத்தோடு எதிர்த்தால் மட்டுமே கணக்கு மாறும். வீட்டோடு ஒட்டி, உள்ளிருந்தே போகும்படி கதவு வைத்த ஸ்டோர் ரூம், மாட்டுத் தொழுவம் போன்றவை வீட்டின் பகுதியாகவே கருதப்படும்.

ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தூங்குபவரின் சங்கிலியை அறுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. உடலின் ஏதாவது ஒரு பகுதி உள்ளே வந்தாலே அது வீட்டுக்குள் நுழைந்ததாகும். ஆனால் நீங்கள் சத்தம் போட்டதும் கை வெளியே போய்விடும், ஆளும் ஓடுவான். அந்தக் கையின் மீது அரிவாளை இறக்குவது தேவைக்கு உட்பட்டதா என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

திருடன் தொல்லை தாங்காமல் சுற்றுச்சுவர் மேல் கம்பி கட்டி இரவில் கரண்ட் விடுகிறோம். எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கிறோம். தவறா?
– வாசகர், அரியலூர்

இன்றே, இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே, கழற்றிவிடுங்கள்.

தற்காப்பு என்பது எதிரே நிற்கும் ஆபத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு. கம்பிக்குக் கண் கிடையாது. வருபவன் திருடனா, பந்தை எடுக்க வரும் பக்கத்து வீட்டுப் பையனா, கணக்கெடுக்க வரும் மின்வாரிய ஊழியரா என்று அதற்குத் தெரியாது. பீகாரில் ஒருவர் தன் கழிப்பறையை வெளியாட்கள் பயன்படுத்துவதைத் தடுக்க மின்சாரம் பாய்ச்சிய செம்புக் கம்பியைக் கட்டினார். தன் வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்துபோனதால் அங்கே வந்துகொண்டிருந்த அக்கம்பக்கத்துப் பெண் அதில் சிக்கி இறந்தார். செருபின் கிரெகரி வழக்கு என்று சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கும் வழக்கு அது. அத்துமீறி நுழைகிறவர் என்பதாலேயே ஒருவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, தண்டனையை உறுதிசெய்தது.

அன்று கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு அதிகபட்சம் 2 ஆண்டுகள். இன்று பிரிவு 106-இன் கீழ் 5 ஆண்டுகள். ஆள் நடமாடும் இடம் என்று தெரிந்தே 230 வோல்ட் கொடுத்தீர்கள் என்று கண்டால் பிரிவு 105-க்கே போகலாம். வீட்டு மின்சாரம் மாறுமின்னோட்டம். பிடித்த கையின் தசைகள் இறுகி, விட நினைத்தாலும் விட முடியாது. உடல் வழியே 100 மில்லி ஆம்பியர் ஒரு நொடி பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும். சூரிய மின்வேலி வேறு வகை: பேட்டரியிலிருந்து எனர்ஜைசர் என்ற கருவி, ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, மிகமிகக் குறுகிய நேரத் துடிப்பாக மட்டுமே அனுப்பும். சுளீர் என்று அடிக்கும், இடைவெளியில் கையை எடுத்துவிடலாம். வனத்தை ஒட்டிய நிலங்களில் அதற்கும் அனுமதியும் பதிவும் வேண்டும். 2023-இல் தமிழக அரசு இதற்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. விவசாயிகள் காட்டுப்பன்றிக்காகப் போடும் நேரடி மின்கம்பியில் நள்ளிரவில் தண்ணீர் பாய்ச்சப் போனவரும், சில நேரம் கம்பியைக் கட்டியவரின் குடும்பத்தாருமே இறந்திருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை இருட்டில் யாருக்கும் தெரியாது. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அது பகலிலும் பயன்படாது.

சுவர் மேல் கண்ணாடிச் சில்லு, முள்கம்பி, இரும்புக் கூர்முனை ஆகியவை கண்ணுக்குத் தெரிவதால் வேறு கணக்கு. நாய் வளர்க்கலாம். ஆனால் அது தெருவில் போகிறவரைக் கடித்தால் பிரிவு 291-இன் கீழ் 6 மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் வரை வரும்.

எங்கள் தெருவில் திருடனைப் பிடித்து மின்கம்பத்தில் கட்டிப்போட்டோம். போலீஸ் வரும் வரை ஆளுக்கு இரண்டு வைத்தார்கள். இது வழக்கம்தானே?
– வாசகர், சேலம்

வழக்கமாக இருக்கலாம், குற்றமும்தான். கண்ணெதிரே ஜாமீனில் வர முடியாத பெருங்குற்றம் செய்தவரைப் பொதுமக்கள் பிடித்து வைக்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 40-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. வீண் தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டுவது தப்பாமல் இருப்பதற்காக மட்டும் என்றால் சரி. கட்டிய பிறகு ஆபத்து முடிந்தது. அதற்கு மேல் விழும் ஒவ்வொரு அடியும் தனிக் குற்றம்.

கேரளத்தின் அட்டப்பாடியில் 2018-இல், அரிசி திருடியதாகச் சந்தேகப்பட்டு ஒரு பழங்குடி இளைஞரைக் கட்டி அடித்தார்கள்; அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, 13 பேருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. எந்த அடியில் உயிர் போனது என்று தெரியாவிட்டாலும், கூடி அடித்த எல்லோரும் மாட்டுவார்கள். பிடித்தவரை உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், 112-க்கு அழையுங்கள், வீடியோ எடுங்கள். அந்த வீடியோ உங்களையும் காக்கும்.

திருடன் என்று நினைத்து அடித்தது வேறு யாரையோ என்று பிறகு தெரிந்தால்?
– வாசகி, நாகர்கோவில்

இரவில் மாற்றுச் சாவியோடு தாமதமாக வந்த மகன், குடிபோதையில் வீடு மாறி நுழைந்த பக்கத்துத் தெருக்காரர், மனநலம் குன்றி அலைகிறவர் என்று இது எப்படியும் நேரலாம். 36-ஆம் பிரிவில் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: தனக்கு உரிமையுள்ள வீட்டுக்குள் இரவில் ஒருவர் வருகிறார், உள்ளே இருப்பவர் நல்லெண்ணத்தோடு அவரைத் திருடன் என்று கருதித் தாக்குகிறார். தாக்கியவர் குற்றம் செய்யவில்லை. தாக்கப்பட்டவருக்கும் அதே தற்காப்பு உரிமை உண்டு.

இங்கே எல்லாம் ‘நல்லெண்ணம்’ என்பதில் நிற்கிறது. சட்டத்தில் அதற்கு உரிய கவனத்தோடு நடந்துகொள்வது என்று பொருள். சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் விளக்கைப் போடவில்லை, “யாரது?” என்று ஒரு குரல் கொடுக்கவில்லை, எடுத்தவுடன் வெட்டினேன் என்றால் கவனம் எங்கே என்று கேட்பார்கள். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: குரல் கொடுங்கள், விளக்கைப் போடுங்கள், வீட்டில் உள்ளவர்கள் எங்கே என்று உறுதிப்படுத்துங்கள், முடிந்தால் அறையைத் தாழிட்டுக்கொண்டு 112-க்குப் பேசுங்கள். பெரும்பாலான திருடர்கள் விளக்கு எரிந்ததும் ஓடிவிடுவார்கள்; அப்படி ஓடவிடுவதுதான் உங்களுக்கும் நல்லது. கத்தியோடு எதிரே நிற்கும்போது இந்த வரிசையைப் பின்பற்றச் சட்டம் கேட்காது.

வெறும் சந்தேகத்துக்கு எந்தப் பிரிவிலும் பாதுகாப்பு இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று வதந்தியை நம்பி ஊரே கூடி அடித்துக் கொன்றது. அந்தக் கொடுமையைத் தற்காப்பு என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்ல முடியாது.

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. திருடன் வீட்டுக்குள் இறந்து கிடக்கிறான். அடுத்த நிமிடம் முதல் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

உயிர் இருக்கலாம் என்று எண்ணி முதலில் 108-ஐ அழையுங்கள். ரத்தம் பெருகினால் துணியை வைத்து அழுத்துங்கள். இது மனிதாபிமானம், கூடவே, அவனைக் கொல்வது உங்கள் நோக்கம் அல்ல என்பதற்கு மிக வலுவான சாட்சி. உடனே 112. அழைத்த நேரம் பதிவாகும். ஒரு மணி நேரம் உறவினர்களைக் கூட்டி யோசித்துவிட்டு அழைத்தால், அந்த ஒரு மணி நேரத்துக்குக் குறுக்கு விசாரணையில் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

எதையும் நகர்த்தாதீர்கள், கழுவாதீர்கள். நெம்பிய பூட்டு, உடைந்த நாதாங்கி, அவன் கொண்டுவந்த கடப்பாரை, செருப்பு, கையுறை எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். அவை உங்களைக் காப்பாற்றும் சாட்சிகள். இரவிலேயே கதவைச் சரிசெய்து, தரையைத் துடைத்துச் சுத்தமாக வைக்கும் குடும்பங்கள் தங்கள் தற்காப்பையே துடைத்துவிடுகின்றன. சம்பவ இடத்தில் கண்டதைக் காவல்துறை பதியும் மஹஜரை எழுதும்போது இவை ஒவ்வொன்றும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அவன் கையில் கத்தியை நீங்களாக வைப்பது போன்ற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கைரேகையில் தெரிந்துவிடும், உண்மையான தற்காப்பும் அதோடு பொய்யாகிவிடும்.

உங்களுக்கு ஒரு கீறல் இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.-இல், பதியச் செய்யுங்கள். ஊமைக்காயத்தையும் சொல்லுங்கள், யார், எதனால், எப்போது அடித்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உடலில் உள்ள காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால் அது வழக்கையே பலவீனப்படுத்தும் என்று 1976-இல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதியாத காயம் இல்லாத காயம்தான்.

சிசிடிவி இருந்தால், கேமராப் பதிவுகள் சேரும் டி.வி.ஆர். பெட்டியை அணைத்து அப்படியே வையுங்கள். பல பெட்டிகள் சில நாட்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். நகல் எடுத்துக் கொடுத்தால் சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் சேர வேண்டும். அதில் பதிவின் ஹாஷ் மதிப்பும், அதாவது பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடும், குறிக்கப்படும்.

எஃப்.ஐ.ஆர். பதிவாகும், கைதும் நடக்கலாம். தற்காப்பா இல்லையா என்பது விசாரணையில் தெரிய வேண்டியது, அதனால் எஃப்.ஐ.ஆரைக் கண்டு நொறுங்கிவிடாதீர்கள். முதல் வாக்குமூலத்திலேயே “தற்காத்துக்கொள்ளத்தான்” என்பதைச் சொல்லிவிடுங்கள். முதலில் “எனக்கு ஒன்றும் தெரியாது, வழுக்கி விழுந்தான்” என்று சொல்லிவிட்டு, விசாரணையில் தற்காப்பு என்று மாற்றினால் நம்பகம் போய்விடும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாவிட்டால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆணையத்தைக் கேளுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.

தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது (சாட்சியச் சட்டம், பிரிவு 108). ஆனால் அரசுத் தரப்பைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். நீங்களே சாட்சி கொண்டுவர வேண்டும் என்பதும் இல்லை. அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே, பிரேதப் பரிசோதனை அறிக்கையிலிருந்தே அது வெளிவரலாம்.

வயதானவர்களால் என்ன செய்துவிட முடியும்? சும்மா இருந்துவிடுவதே நல்லதா?
– வாசகி, தென்காசி

உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே, அரிவாளோடு வந்த இருவரை ஒரு முதிய தம்பதி பிளாஸ்டிக் நாற்காலிகளையும் செருப்பையும் வீசி விரட்டினார்கள்; கேமராவில் பதிவான அந்தத் துணிச்சலுக்கு அரசு விருது கிடைத்தது. அரிவாள் ஓங்கியவனுக்கு எதிராகச் சட்டம் அவர்களுக்கு அதைவிடப் பெரிய உரிமையைத் தந்திருந்தது.

ஆனாலும் நகைக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். கழுத்தில் கத்தி இருக்கும்போது கொடுத்துவிடுவது கோழைத்தனம் இல்லை. கொல்லைப்புறக் கதவுக்கு மேலும் கீழும் இரட்டைத் தாழ்ப்பாள், கண் துளை, படுக்கையறைக் கதவுக்கு உள்தாழ், படுக்கையிலிருந்தே அழுத்தினால் வாசல் விளக்கு எரியும் சுவிட்ச்: சில ஆயிரம் ரூபாயில் செய்து முடிக்கலாம். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். பூட்டிய வீடுகளை ரோந்தில் பார்ப்பார்கள்.

நள்ளிரவில் மஃப்டியில் போலீஸ் வந்தால்? கடன் வசூலிக்க ஆட்கள் வந்தால்?
– வாசகர், ஈரோடு

கடமையைச் செய்யும் அரசு ஊழியருக்கு எதிராக, அவரால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்ற அச்சம் இல்லாத வரை, தற்காப்பு உரிமை கிடையாது. அவருடைய நடவடிக்கையில் சட்டக் குறை இருந்தாலும் சரி. அவர் அரசு ஊழியர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லது நம்பக் காரணம் இருக்க வேண்டும். அதனால் கதவைத் திறக்காமலே அடையாள அட்டையைக் கேளுங்கள், 112-இல் உறுதிப்படுத்துங்கள்.

வசூல் ஆட்கள் அரசு ஊழியர்கள் அல்ல. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் அத்துமீறல். வெளியே தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. அதை வைத்துப் புகார் கொடுங்கள்.

மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே வீட்டுக்காரர் யாரையும் சுடலாமாமே? நாங்கள் போய்த் தங்கப்போகிறோம்.
– வாசகர், மதுரை

யாரையும் அல்ல. ஆனால் டெக்சாஸ் சட்டம் நம்முடையதைவிட வெகுதூரம் போகிறது. இரவில் நடக்கும் வெறும் திருட்டைத் தடுக்கக்கூட, வேறு வழியில் பொருளைக் காக்க முடியாது என்று நியாயமாக நம்பினால், உயிர் பறிக்கும் பலத்துக்கு அங்கே இடம் உண்டு. மற்ற மாநிலங்களில் அப்படி இல்லை. 2023 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் வழி தவறித் தன் வீட்டு முற்றத்தில் காரைத் திருப்பியவர்கள் மேல் சுட்டு, 20 வயதுப் பெண்ணைக் கொன்ற வீட்டுக்காரருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை கிடைத்தது. அதே மாதம் மிசூரி மாநிலத்தில் தவறான வீட்டு அழைப்பு மணியை அடித்த 16 வயதுச் சிறுவன் சுடப்பட்டுத் தப்பிப் பிழைத்தான்.

காலை நடைக்குப் போகும்போது அடுத்தவர் புல்வெளியைக் குறுக்காகக் கடக்காதீர்கள். மகன் வீட்டு எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். அங்கே வரிசை வீடுகள் ஒரே மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் கதவைத் தட்டாமல் நடைபாதையில் நின்று மகனுக்கு போன் செய்யுங்கள்.